கான்டாக்ட் லென்ஸ் அணிவதால் கண்ணீரிலுள்ள புரதம் என்ன ஆகிறது?

மன்னார்குடிப் பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் பட்டியல் எழுத்தராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் மென்மையான லென்ஸை அவர் சில ஆண்டுகளாக அணிந்துவருகிறார். மூன்றாவது வாரம் தொடங்கியதும் பார்வை மங்குகிறது, கண் உறுத்துகிறது. லென்ஸ் வாங்கிய கண்ணாடிக் கடையில் "புரோட்டீன் படிஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் புரதம் தன் கண்ணீரிலிருந்துதான் வருகிறதென்றால் கண்ணீரில் புரதம் குறைந்துகொண்டே போகுமா, கண்ணின் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா, முட்டையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிட்டால் ஈடுகட்டலாமா என்று கேட்கிறார்.

நேரடியாகப் பதில் சொன்னால், புரதம் தீர்ந்துபோகும் என்ற கவலை வேண்டாம். கண்ணீர்ச் சுரப்பி அதை நாள் முழுவதும் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றியல்ல. லென்ஸில் ஒட்டிய புரதம் எந்த நிலையில் இருக்கிறது, லென்ஸுக்கு அடியில் எவ்வளவு நேரம் கண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, சாதாரணமாகக் கண்ணீரில் சிறிதளவே இருக்க வேண்டிய வேறு புரதங்கள் உள்ளே வந்து சேர்கின்றனவா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்தால், லென்ஸை எப்போது மாற்ற வேண்டும், ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏன் அதோடு தூங்கக் கூடாது என்பதெல்லாம் தாமாகவே புரியும்.

முதலில் கண்ணீரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அழும்போது வழிவது மட்டும் கண்ணீர் அல்ல. கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவிழியின் மேல் ஏறத்தாழ மூன்று மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு நீர்ப்படலம் பரவியிருக்கிறது. ஒரு கண்ணில் எந்த நேரத்திலும் இருக்கும் கண்ணீர் மொத்தமே 7 மைக்ரோ லிட்டர் அளவுதான். நாம் விடும் ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். அந்தச் சொற்பமான நீரில் இதுவரை 1,500-க்கும் மேற்பட்ட புரதங்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆனால் எடையில் பெரும்பங்கு நான்குக்குத்தான் சேரும். பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் லைசோசைம், பாக்டீரியாவுக்கு வேண்டிய இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், கருவிழியில் ஒட்டும் கொழுப்பை அள்ளிக்கொண்டு போகும் லிப்போகாலின், கிருமியைச் சூழ்ந்து ஒட்டவிடாமல் தடுக்கும் சுரப்பு இம்யூனோகுளோபுலின் ஏ ஆகியவையே அந்த நான்கு. முதல் மூன்றும் கண்ணீர்ச் சுரப்பி நீரோடு சேர்த்தே வெளியிடுபவை.

லைசோசைமை உலகுக்கு அறிவித்தவர் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்தான். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் சளியில் முதலில் அதைக் கவனித்து 1922-இல் வெளியிட்டார். கண்ணீரில் அது மிகுதியாக இருப்பது தெரிந்ததும், உடன் வேலை பார்த்தவர்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து கண்ணீர் சேகரித்தார். கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. கீழே இன்னொரு காரணத்துக்காக அந்த வெள்ளைக்கருவை நினைவுகூர வேண்டிவரும்.

இப்போது இந்தப் படலத்தின் நடுவே லென்ஸை வைக்கிறோம். மென்மையான லென்ஸின் நடுப்பகுதியே கண்ணீர்ப் படலத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் தடிமனானது. ஆகவே லென்ஸ் கண்ணீரில் மிதக்கிறது என்று சொல்வதைவிட, அது கண்ணீரை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் பிரிக்கிறது என்பதே சரி. மேல் பாதி மெலிந்து, கண்ணீர்ப் படலத்தின் மேலுள்ள மெல்லிய எண்ணெய்ப் பூச்சுச் சரியாகப் பரவாமல், சீக்கிரம் ஆவியாகிறது. கீழ் பாதியோ லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே அகப்பட்டுக்கொள்கிறது. மென்மையான லென்ஸ் அணிந்தவர் ஒருமுறை இமைக்கும்போது அந்தக் கீழ்ப் படலத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு மட்டுமே வெளியே போய்ப் புதிய கண்ணீர் உள்ளே வருகிறது. கடினமான, காற்றுப் புகும் லென்ஸில் இது பத்து முதல் இருபது விழுக்காடு வரை போகும். உதிர்ந்த செல்களும் அவற்றிலிருந்து கசியும் நொதிகளும் லென்ஸுக்கு அடியில் கூடுதல் நேரம் கிடப்பதற்கு இதுவே காரணம்.

லென்ஸைக் கண்ணில் வைத்த ஒரு நிமிடத்துக்குள்ளாகவே புரதம் அதன் மேல் ஒட்டத் தொடங்கிவிடும். இது அழுக்குச் சேர்வதைப் போன்றதன்று, வேதியியல் நிகழ்வு. லைசோசைம் மிகச் சிறிய புரதம், கண்ணீரில் நேர்மின்னேற்றம் கொண்டது. நீரை உறிஞ்சி மென்மையாகும் ஹைட்ரோஜெல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சில லென்ஸ்களில் மெத்தாக்ரிலிக் அமிலம் கலந்திருப்பதால் அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. நீர்ச்சத்தும் அதிகம், நுண்துளைகளும் லைசோசைம் நுழையும் அளவுக்கு இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நான்காம் பிரிவு என்று வகைப்படுத்தியிருப்பது இவற்றைத்தான். இத்தகைய லென்ஸ் ஒன்று மேற்பரப்பில் மட்டுமல்லாமல் தன் உள்ளேயும் லைசோசைமை உறிஞ்சிக்கொண்டு ஒரு மில்லிகிராம் வரை சேர்த்துவிடும். மின்னேற்றமற்ற பழைய வகை லென்ஸில் சேருவது அதைவிட மிகக் குறைவு. 1990-களின் இறுதியில் சந்தைக்கு வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸில் பெரும்பாலும் சில மைக்ரோகிராம்கள்தான் சேரும். அதாவது நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கக்கூடும்.

இதைப் படித்தவுடன், குறைவாகச் சேரும் லென்ஸே நல்லது என்று முடிவுக்கு வரத் தோன்றும். நானும் என் மாணவர்களிடம் இந்த இடத்தில் நிறுத்தித்தான் மேலே பேசுவேன், ஏனென்றால் இந்தத் துறையில் மிக முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி குறிப்பிட்ட விதமாக மடிந்து உருவானது; அந்த மடிப்பு இருக்கும்வரைதான் அது தன் வேலையைச் செய்யும். மடிப்புக் குலைந்துவிட்டால், பச்சையாக இருந்தபோது ஊடுருவித் தெரிந்த முட்டை வெள்ளைக்கரு வெந்ததும் வெண்மையாகி இறுகுவதைப் போல, அதே பொருள் வேறு குணத்துக்கு மாறிவிடுகிறது. நான்காம் பிரிவு லென்ஸுக்குள் போய்த் தங்கும் லைசோசைம் மிகுதியாக இருந்தாலும், நீர் நிறைந்த அந்த இடத்தில் அதன் மடிப்பு பெரும்பாலும் கெடாமல், பாக்டீரியாவைக் கொல்லும் திறனோடுதான் இருக்கிறது. சிலிகான் கலந்த லென்ஸின் மேற்பரப்பு நீரை விலக்கும் இயல்புடையது என்பதால் அதன் மேல் ஒட்டும் புரதம் சொற்பமேயானாலும் அதில் கணிசமான பங்கு மடிப்புக் குலைந்து செயலிழந்துவிடுகிறது. நாள் ஆக ஆக இந்தப் பங்கு கூடும். கண்ணுக்குத் தொல்லை தருவது எடையில் மிகுந்த புரதமன்று, உருக்குலைந்த புரதமே.

உருக்குலைந்த புரதத்தை உடல் தன்னுடையது என்று அடையாளம் காண்பதில்லை. மேலிமையின் உட்புறம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை அந்த மேற்பரப்பின் மேல் உரசிச் செல்கிறது. சிலருக்கு அங்குள்ள எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொண்டு, இமையின் உட்புறம் கொப்புளம் கொப்புளமாகத் தடித்துவிடும். லென்ஸ் அணிபவர்களுக்கு வரும் இந்தப் பெருங்கொப்புள இமையழற்சி 1977-இல் மருத்துவ இதழ்களில் விரிவாக விவரிக்கப்பட்டது. அரிப்பு, காலையில் நூல் நூலாகச் சளி, லென்ஸ் மேலே மேலே ஏறுவது, முன்பு நாள் முழுவதும் அணிய முடிந்ததை மதியத்துக்கு மேல் தாங்க முடியாமல் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். லென்ஸ் விளிம்பின் உராய்வுக்கும் இதில் பங்கு உண்டு. புரதத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சரி, லென்ஸில் இவ்வளவு சேர்ந்தால் கண்ணீரில் என்ன மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கண் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ லிட்டர் கண்ணீர் சுரக்கிறது. விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் அது ஒரு மில்லி லிட்டரை நெருங்கும். ஒரு மில்லி லிட்டர் கண்ணீரில் 6 முதல் 10 மில்லிகிராம் வரை புரதம் உண்டு. அதில் லைசோசைம் மட்டும் இரண்டு மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஆகவே அதிகமாக உறிஞ்சும் லென்ஸ்கூட, நிறைவு அடையும் வரை, ஒரு நாள் சுரப்பில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. நிறைந்த பிறகு எடுப்பது மிகக் குறைவு. லென்ஸ் அணிபவர், அணியாதவர் ஆகியோரின் கண்ணீரை ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை லைசோசைம், லாக்டோஃபெரின் அளவில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. உணவுக் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு நாம் உண்ணும் புரதம் கிராம் கணக்கில் ஐம்பது, அறுபது. கண்ணீருக்குப் போவது மில்லிகிராம் கணக்கில் பத்து, இருபது. முட்டையும் பருப்பும் உடம்புக்காகச் சாப்பிடுங்கள். லென்ஸ் மங்குவதற்கு அது மருந்தாகாது.

ஆனால் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலவற்றில் இம்யூனோகுளோபுலின் ஏ குறைந்தும், சிலவற்றில் மாறாமலும் இருக்கிறது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் என்ற புரதம் சிலவற்றில் கூடியிருக்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணீரை எடுக்கும் முறைதான். மெல்லிய கண்ணாடிக் குழாயை இமை விளிம்பில் உள்ள நீரில் மட்டும் தொட்டு, கண்ணைச் சீண்டாமல் எடுத்தால் ஒரு விடை கிடைக்கும். வடிதாள் பட்டையைக் கீழிமையில் செருகி வைத்தால், அது உறுத்துவதாலேயே கண்ணீர் பெருகும். பட்டை உரசிய இடத்தின் இரத்தக் குழாய்களிலிருந்து அல்புமினும் கசிந்து சேரும். லைசோசைம் கண்ணீர் பெருகும்போது கூடவே சுரப்பதால் அதன் செறிவு அவ்வளவாக மாறாது; இம்யூனோகுளோபுலின் ஏ அப்படிப் பெருகுவதில்லை என்பதால் நீர்த்துப்போகும். புதிதாக லென்ஸ் போட்டு உறுத்தலோடு வந்தவரிடம் எடுத்த கண்ணீரில் அது குறைவாகத் தெரிந்தால், குறைந்தது புரதமா அல்லது கூடியது நீரா என்று கேட்க வேண்டும். இந்த விவரத்தைப் பார்க்காமல் "லென்ஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது" என்று தலைப்புப் போடுவது பொறுப்பான செயலாகாது.

எவற்றில் ஓரளவு தெளிவு இருக்கிறது என்றால், அழற்சியோடு தொடர்புடைய புரதங்களில். அழற்சிக்கான செய்தியைச் செல்களுக்கிடையே கடத்தும் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, திசுவின் சட்டகத்தைக் கரைக்கும் எம்எம்பி-9 போன்றவை லென்ஸ் அணிபவர்களின் கண்ணீரில் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண் சிவக்காமல், வலிக்காமல் இருக்கும்போதே இவை சற்று உயர்ந்திருக்கலாம். லென்ஸைத் தாங்கமுடியாமல் கைவிட்டவர்களின் கண்ணீரில் லிப்போகாலினும், கொழுப்பைச் சிதைக்கும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதியும் கூடுதலாக இருந்ததும் குறிப்பிடத்தக்கது. அவர்களின் கண்ணீர்ப் படலத்து எண்ணெய்ப் பூச்சு சிதைந்து சீக்கிரம் உடைகிறது என்ற விளக்கத்தோடு அது பொருந்துகிறது.

தூக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணை மூடித் தூங்கும்போது கண்ணீர்ச் சுரப்பியின் நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இம்யூனோகுளோபுலின் ஏ மட்டும் தொடர்ந்து சேருவதால் அதன் பங்கு பன்மடங்காகிறது. இரத்தத்திலிருந்து அல்புமின் கசிகிறது. வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. மூடிய கண் என்பது லென்ஸ் இல்லாமலேயே மெல்லிய அழற்சி நிலையில் இருக்கும் கண். இரவு முழுவதும் இந்தச் சூழலில் லென்ஸும் கிடந்தால், ஆக்சிஜனும் குறைந்து, கழுவிப்போகக் கண்ணீரும் இன்றி, ஒட்டிய கிருமிக்கு அது வாய்ப்பாகிவிடும். மேலைநாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின்படி பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கருவிழியில் கிருமித்தொற்று வருகிறது. அதோடு தூங்குவோரில் அது இருபது பேரளவுக்கு உயர்கிறது. ஆக்சிஜனை நன்கு விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் வந்த பிறகும் இந்த எண் இறங்கவில்லை. எனவே "இது இரவிலும் போடலாம்" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்கள் லென்ஸுக்கு வருவோம். முதலில், மங்குவதெல்லாம் புரதம் அன்று. மாதாந்திர லென்ஸ்களில் பெரும்பாலானவை இன்று சிலிகான் ஹைட்ரோஜெல். அவை புரதத்தைவிடக் கொழுப்பைத்தான் அதிகம் இழுக்கும். லென்ஸைக் கழற்றித் துடைக்காமல் விரல் நுனியில் வைத்து, சற்று உலரவிட்டு, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். வெளிறிய நீலம் கலந்த வெண்படலமாய்ச் சீராகப் பரவி, உலர்ந்ததும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் பெரும்பாலும் புரதம். விரல் ரேகை பட்டதுபோல் வழவழப்பாகவும், திட்டுத்திட்டாக எண்ணெய் மினுக்கோடும் இருந்தால் கொழுப்பு. அங்கங்கே கடுகைவிடச் சிறிய மேடுகளாக இருந்தால், அது கொழுப்பும் கால்சியமும் புரதமும் சேர்ந்து இறுகியது. லென்ஸ் கழுவும் எந்தத் திரவத்தாலும் போகாது, அந்த லென்ஸை எறிந்துவிட வேண்டியதுதான். பார்த்த லென்ஸை மறுபடி போடுமுன் தேய்த்துக் கழுவி, திரவத்தில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெயும் கண் மையும் விரல் வழியாக லென்ஸில் ஏறுவதை நம் ஊரில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே சோப்புப் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். முதலில் லென்ஸ், பிறகு மை.

திரவத்தில் போட்டு வைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. தளர்வாக ஒட்டியிருக்கும் புரதம் உள்ளங்கையில் வைத்து விரலால் இரு புறமும் மெதுவாகத் தேய்த்து, புதுத் திரவத்தால் அலசினால்தான் போகும். திரவத்திலுள்ள சிட்ரேட் உப்பு லைசோசைமின் மின்பிடிப்பைத் தளர்த்தி உதவும். 1970-களில் மென்மையான லென்ஸைச் சூடுபடுத்தித்தான் கிருமி நீக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டில் லென்ஸிலேயே புரதம் வெந்து இறுகிப்போகும். அதை அகற்ற, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் நொதியில் செய்த வாராந்திர மாத்திரைகள் வந்தன. லென்ஸை அடிக்கடி மாற்றும் வழக்கம் வந்தபின் அவற்றின் தேவை குறைந்துவிட்டது. இதைச் சொல்வதால் யாரும் வீட்டுப் பப்பாளிப் பாலை லென்ஸில் முயன்று பார்க்க வேண்டாம். அது சுத்திகரிக்கப்பட்ட நொதி, இது கண்ணைப் புண்ணாக்கும்.

உங்கள் பணியிடமும் ஒரு காரணம். தை, மாசியில் சம்பா நெல் குவியும்போது தூற்றும் இயந்திரத்தைச் சுற்றி உமியும் சொங்கும் தூசியும் எப்படிப் பறக்கும் என்பது டெல்டாவில் வாழும் யாருக்கும் தெரியும். அந்தத் தூசி லென்ஸில் ஒட்டினால் கண் உறுத்தும், கண்ணீர் பெருகும், அழற்சிப் புரதங்களும் கூடும், படிவும் வேகமாகும். அறுவடைக் காலத்தில் பணி நேரத்தில் மூக்குக்கண்ணாடி அணிவதே நல்லது. லென்ஸ்தான் வேண்டுமென்றால், அன்றாடம் போட்டு எறியும் வகைக்கு மாறுங்கள். புரதம் உருக்குலைய அவகாசமே இல்லாமல், திரவமும் டப்பாவும் தேவைப்படாமல் முடிந்துவிடுகிறது. செலவு கூடுதல் என்பது உண்மைதான். நாள்தோறும் அணியாமல், வேண்டிய நாட்களில் மட்டும் அணிந்தால் கட்டுப்படியாகும்.

மாதாந்திர லென்ஸையே தொடர்வதானால், மங்கினாலும் மங்காவிட்டாலும் பெட்டியில் சொன்ன நாளில் மாற்றிவிடுங்கள். மூன்றாம் வாரத்திலேயே தொல்லை என்றால் வேறு பொருளில் செய்த லென்ஸையோ இரண்டு வாரத்தில் மாற்றுவதையோ கேட்டுப் பெறலாம். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ, போர்வெல் தண்ணீரோ, ஆற்றுத் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆடிப்பெருக்குக்கு நாம் எல்லோரும் இறங்கிக் குளிப்போம். அன்று லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நன்னீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் புகுந்தால் லைசோசைமால் அதை அடக்க முடியாது, சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும்.

வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், சிவப்பு, திடீர் மங்கல் இவற்றில் எது வந்தாலும் லென்ஸை உடனே கழற்றி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்; அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது அது எது என்று கண்டறிய உதவும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நெல் சொங்கு கிழித்த கண்ணில் பூஞ்சை புகுந்திருந்தால், முதலிரண்டு நாள் சிவப்பு அடங்கியதுபோல் காட்டி, அந்த மருந்து பூஞ்சையை உள்ளே பரவவிட்டுவிடும்.